கிரீட் தீவின் தென்கரை: அம்மாவோடும் பிள்ளையோடும் சத்தமில்லாத கடற்கரைகளுக்குப் போக வழி கேட்கிறேன்

உப்புவெளிக்கரை:

வணக்கம். செப்டெம்பர் கடைசியோடு இங்கே திருகோணமலை உப்புவெளியில் சீசன் ஓய்ந்துவிடும். வாடை தொடங்க முன் கிடைக்கும் இடைவெளியில், செப்டெம்பர் 26 தொடக்கம் 10 இரவுகள், கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நாலு பேர்: நானும் மனைவியும், 9 வயது மகள், 66 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் நோ. கோணேசர் கோயில் ஏற்றத்தை இரண்டு இடத்தில் நின்று ஏறுவார், அதுதான் அவருடைய எல்லை. அவர் சுத்த சைவம். மகளுக்கு நீச்சல் அரைகுறை.

பெரிய ஹோட்டலும் குடை வரிசையும் வேண்டாம். சல்லி, குச்சவெளிப் பக்கம் போல சின்னக் கிராமம், கூப்பிடு தூரத்தில் கடல், அவ்வளவு போதும். லூட்ரோ, எலஃபொனிசி, பாலோஸ் என்று மூன்று இடம் குறித்து, வாடகைக் கார் எடுத்து, இரண்டு இரவுக்கு ஓர் இடம் மாறுவதாக ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். இது சரிவருமா? நடக்க ஏலாத ஆளோடு எந்தக் கரைகளுக்குப் போகலாம்? நம்ம கடலுக்கும் அங்குள்ள கடலுக்கும் குளிக்கிற விஷயத்தில் என்ன வித்தியாசம்?

கடல்மைல்:

முதலில் மாற்ற வேண்டியது அந்த "இரண்டு இரவுக்கு ஓர் இடம்" என்பதைத்தான். கிரீட் கிழக்கு மேற்காக 260 கிலோமீற்றர் நீளம். நீங்கள் சொல்லும் மூன்றும் தீவின் மேற்குப் பாதியில்தான் இருக்கின்றன, வரைபடத்தில் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் போலவும் தெரியும். ஆனால் நடுவில் வெண்மலைகள் நிற்கின்றன. மலை நேராகக் கடலுக்குள் இறங்குவதால் தென்மேற்குக் கரையோரமாக ஓடும் தொடர் பாதை கிடையாது. ஒரு கிராமத்திலிருந்து பக்கத்துக் கிராமத்துக்குக் காரில் போக வேண்டுமென்றால் மலை ஏறி வடக்கே போய், திரும்ப இன்னொரு வளைவுப் பாதையால் இறங்க வேண்டும். பாதி நாள் காருக்குள்ளேயே முடிந்துவிடும்.

அந்தக் கரையில் ஊர்களைத் தொடுப்பது கப்பல். ஹோரா ஸ்ஃபகியா, லூட்ரோ, அயியா ரூமேலி, சூயா, பாலியோஹோரா என்று கிழக்கிலிருந்து மேற்கே வரிசை. இதில் லூட்ரோவுக்கும் அயியா ரூமேலிக்கும் வாகனப் பாதையே இல்லை. அங்கே சத்தம் இல்லாததற்குக் காரணமும் அதுதான். ஆகவே காரை விடுங்கள். என் கணக்கு இது: வடகரை நகரமான கானியாவில் 1 இரவு, லூட்ரோவில் 4, பாலியோஹோராவில் 4, கடைசி இரவு மறுபடியும் கானியா.

கானியாவிலிருந்து ஹோரா ஸ்ஃபகியாவுக்கு பஸ் இருக்கிறது. ஏறத்தாழ 70 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். வ்ரிசெஸ் என்ற ஊரில் பெரிய பாதையை விட்டு மலை ஏறும். இறக்கத்தில் கொண்டை வளைவு ஒன்றன் பின் ஒன்றாக வரும். பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டும் என்றால் முன் ஆசனம் பிடியுங்கள். அங்கிருந்து லூட்ரோவுக்குக் கப்பலில் 20, 25 நிமிடம். ஒக்டோபர் தொடங்கியதும் கப்பல் ஓட்டங்கள் குறையும். ஓகஸ்ட் அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடாமல், உங்கள் திகதிக்கு உரிய அட்டவணையைப் பாருங்கள். லூட்ரோவிலிருந்து பாலியோஹோராவுக்குப் போகும்போது அயியா ரூமேலியில் கப்பல் மாற வேண்டி வரலாம்.

இனிக் கடல். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

கோடையில் ஏஜியன் கடல் பக்கமிருந்து வடக்குக் காற்று அடிக்கும். மெல்டெமி என்பார்கள். ஜூலையும் ஓகஸ்டும் அதன் உச்சம், செப்டெம்பர் கடைசியில் வலு குறைந்துவிடும், ஆனால் வந்தால் சில நாள் தொடர்ந்து நிற்கும். வடகரையில் அது கரையேறும் காற்று, அலையைக் கண்ணால் பார்த்துப் பயந்து விலகிக்கொள்ளலாம். தென்கரையில்தான் ஏமாற்றுகிறது. நமக்குக் கச்சான் காற்று மேற்கே மழையை இறக்கிவைத்துவிட்டு, மலைநாட்டைத் தாண்டி வறண்டு சூடேறி, தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறதல்லவா? அதே பிறவி. மெல்டெமி 2,453 மீற்றர் உயரமுள்ள பாக்னெஸ் சிகரத்தையும் அதன் சுற்றுமலைகளையும் தாண்டி, மலையிடுக்குகளுக்குள் நெருக்குண்டு, திடீர் திடீரென்று கடலை நோக்கி இறங்கும்.

கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், ஏனென்றால் பின்னாலுள்ள செங்குத்துப் பாறை காற்றை மறைக்கிறது. 150, 200 மீற்றர் தள்ளிப் பாருங்கள்: தண்ணீர் கறுத்து, சின்னச் சின்ன வெள்ளை நுரை வெளிப்பக்கமாக ஓடும். அந்த நாளில் காற்றடைத்த மெத்தை, வளையம், நின்று துடுப்புப் போடும் பலகை எதையும் மகளிடம் கொடுக்க வேண்டாம். பாறையின் மறைவை விட்டு வெளியே போன அடுத்த நிமிடம் அது காற்றின் பொருள் ஆகிவிடும், நீந்திப் பிடிக்கவும் ஏலாது. பெரியவர்கள் யாராவது அப்படி இழுபட்டால் பலகையை விட்டுவிட்டு நீந்தக் கூடாது. குப்புறப் படுத்து, காற்றுக்கு நேரெதிராக மல்லுக்கட்டாமல், குறுக்காகப் பக்கத்து முனையை நோக்கிக் கையால் துழாவ வேண்டும். கிரீஸ் கடலோரக் காவலின் இலக்கம் 108, பொது அவசர இலக்கம் 112. இரண்டையும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு வித்தியாசம் கரையின் சரிவு. நிலாவெளியில் மணல், தட்டையாகப் போகும், நடந்துகொண்டே இடுப்பளவுக்குப் போகலாம். கிரீட்டின் தென்கரையில் பெரும்பாலும் கூழாங்கல். அலை ஏறும்போது வரும் தண்ணீர் கற்களுக்கிடையே இறங்கிவிடுகிறது, திரும்பும் அலைக்குக் கல்லை இழுத்துக்கொண்டு போக வலு இல்லை. அதனால் கல் குவிந்து குவிந்து கரை செங்குத்தாகிறது. மூன்று நாலு எட்டில் மகளுக்குக் கால் எட்டாது. அதோடு உருண்டைக் கல் காலுக்குக் கீழே நழுவும். இறங்கும்போது நீங்கள் கீழ்ப்பக்கமும் பிள்ளை மேற்பக்கமுமாகப் போங்கள். அலையில்லாத நாள் என்றாலும் இடுப்பில் கட்டும் மிதவையைவிட முழு உயிர்காப்புச் சட்டை நல்லது.

சல்லித்தோணி:

கடல்மைல் அண்ணா சொன்ன காற்று விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனா லூட்ரோவில 4 இரவு எண்டதுக்கு நான் உடன்படமாட்டன். லூட்ரோ ஒரு சின்ன வளைகுடா, வெள்ளை வீடுகள் தண்ணி ஓரத்தில இருந்து படி படியா மேல ஏறும். முன்வரிசை அறை கிடைச்சா அம்மாவுக்கு அது சொர்க்கம்தான், வாசலில கதிரையைப் போட்டுக் காலைத் தண்ணியில வைக்கலாம். பின்வரிசை கிடைச்சா ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் படி ஏறி இறங்கவேணும். அறை பதியும்போது "கடலோரம், தரைமாடி" எண்டு எழுத்தில உறுதி வாங்கினாத்தான் அங்க போங்க. சில்லு வைச்ச பெரிய பெட்டியும் வேணாம், முதுகில போடுற பை நல்லம்.

நீச்சல் தெரியாத பிள்ளைக்குத் தென்கரையில ஆக நல்ல இடம் ஃப்ராங்கோகாஸ்டெலோ. ஹோரா ஸ்ஃபகியாவிலிருந்து கிழக்கே 13 கிலோமீற்றர் அளவு, டாக்சியில போகலாம். வெனிசியர் 1370களில கட்டின கோட்டை, அதுக்குக் கீழேயே மணல் கரை, தண்ணி கனதூரம் முழங்காலளவுதான். கார் பக்கத்திலேயே நிக்கும், அம்மாவுக்கு நடையில்லை. கோட்டையடிக் கரையில கொஞ்சம் ஆட்கள் இருப்பாங்க. ஆள் வேணாமெண்டா கிழக்கால ஓர்தி அம்மோஸ் எண்டு மணல்மேட்டுக் கரை இருக்கு, அங்க நிழல் கிடையாது.

லூட்ரோ 3, பாலியோஹோரா 4, கடைசியில கானியா 2 எண்டு வைங்க. ஏன் 2 எண்டா, தெற்குக் காற்று. மெல்டெமி வடக்கால வரும், அதுக்குத் தென்கரைக் கப்பல் பெரும்பாலும் ஓடும். லிபியாப் பக்கத்துத் தெற்குக் காற்று வந்தா அலை நேரா கரையில மோதும், கப்பல் நிண்டிடும். வசந்தத்திலயும் இலையுதிர்காலத்திலயும்தான் அது கூட. காற்றின்ர வலுவைச் சொல்லுற ப்யூஃபோர்ட் அளவில 8 ஆனா பெரிய கப்பலையே துறைமுகக்காரர் விடமாட்டினம், சின்னப் போட்டுகள் அதுக்கு எவ்வளவோ முந்தி நிக்கும். லூட்ரோவில மாட்டினா வெளிய வர மிச்சமுள்ள வழி அனோபோலிக்கு ஏறுற ஒற்றையடிப் பாதை, 600 மீற்றர் உயரம். உங்கட அம்மாவால ஏலாது.

உப்புவெளிக்கரை:

இரண்டு பேருக்கும் நன்றி. லூட்ரோ 3 இரவு என்று மாற்றிவிட்டேன், தரைமாடி அறை கேட்டும் எழுதிவிட்டேன். லூட்ரோவில் தங்கியபடி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய கரை எது? கிளிகா நேரா என்ற இடத்தில் கூழாங்கல்லுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஊறும் என்கிறார்கள், உண்மையா? மற்றது சாப்பாடு. அம்மா வெங்காயம் பூண்டு சாப்பிடுவார். முட்டை, மீன் வாசம்கூட ஆகாது.

கடல்மைல்:

உண்மைதான். கிளிகா நேரா என்றாலே இனிப்பு நீர் என்றுதான் பொருள். வெண்மலைகள் சுண்ணாம்புக்கல். மேலே பெய்யும் மழையும் பனிக்காலத்தில் விழுந்து பிறகு உருகும் பனியும் பாறை வெடிப்புகளால் உள்ளே இறங்கி, மலை கடலைத் தொடும் இடத்தில் வெளியே வருகிறது. நம்ம கரைவலைக்காரர் வாடிக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், இங்கே மணலுக்குப் பதில் கூழாங்கல். கரையோரத்தில் கல்லை விலக்கினால் குளிர்ந்த தண்ணீர் தேங்கும். கடலுக்குள்ளேயும் சில இடத்தில் சடுதியாகக் குளிரும், அது கீழிருந்து ஊறும் நல்ல தண்ணீர். ஆட்கள் அதிகம் நடமாடும் கரை ஆனதால் குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டு போவதே புத்தி.

போகிற வழிதான் முக்கியம். ஹோரா ஸ்ஃபகியாப் பக்கமிருந்து நடப்பவர்கள் அனோபோலிப் பாதையின் முதல் கொண்டை வளைவில் இறங்குவார்கள். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். நடுவில் ஒரு துண்டு பாறையைச் செதுக்கிய விளிம்பு: ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கடல், கைப்பிடி இல்லை. மேலிருந்து கல் விழும், மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். உங்கள் அம்மாவுக்கும் மகளுக்கும் இந்தப் பாதை வேண்டவே வேண்டாம். லூட்ரோவிலிருந்து சீசனில் சின்னப் போட் போகும், கால் மணித்தியாலப் பயணம். இறங்கும்போதே திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டிலிருந்து ஒடுக்கமான பலகையால் கல் கரைக்கு இறங்க வேண்டும், அம்மாவுக்கு முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: அந்தக் கரையில் சிலர் ஆடையில்லாமல் குளிப்பது பழைய வழக்கம். குடும்பத்தோடு போவதற்கு அது தோதில்லை என்று நினைத்தால் மார்மராவுக்குப் போங்கள்.

மார்மரா என்றால் பளிங்கு. நம்ம மார்பிள் பீச்சின் பெயரே அங்கேயும். ஆனால் இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று. இங்கே வெண்மணல் வளைவு. அங்கே அரடேனா மலையிடுக்கு கடலைத் தொடும் வாயில் சின்னக் கூழாங்கல் கரை, இரு பக்கமும் அலை தின்று வழுவழுப்பாக்கிய பாறைத் தட்டுகள், சின்னக் குகைகள். மேலே ஒரு சாப்பாட்டுக் கடை. முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் பார்க்க ஆக அழகான இடம் அதுதான். ஆனால் மலையிடுக்கின் வாய் என்பதால் மேலே சொன்ன தரைக்காற்று அங்கே முதலில் அடிக்கும். காலை போட்டில் போய் நடுப்பகலோடு திரும்புங்கள். பாறையில் கறுப்பு முள்ளுருண்டைகள் ஒட்டியிருக்கும். கால் வைக்கும் முன் பாருங்கள், முள் ஏறினால் உள்ளே உடைந்து நிற்கும், எடுப்பது பெரும்பாடு.

மார்மராவுக்கும் லூட்ரோவுக்கும் நடுவில் ஃபினிகாஸ், லிகோஸ் என்று இரண்டு குடா உண்டு. பைபிளில் அப்போஸ்தலர் பணி 27ஆம் அதிகாரத்தில் பவுலின் கப்பல் குளிர்காலத்தைக் கழிக்கத் தேடிய பேனிக்ஸ் துறைமுகம் இந்தப் பக்கம்தான். அதை வாசித்தவர்களுக்கு அந்த வளைகுடாவைப் பார்க்கும்போது காற்று அன்றும் இன்றும் ஒரே காற்றுத்தான் என்று விளங்கும்.

நடக்கிற ஆள் வீட்டில் ஒருவர் இருந்தால் (நீங்களோ மனைவியோ), ஈ4 நெடும்பாதையின் மஞ்சள் கறுப்பு அடையாளத்தைப் பிடித்து லூட்ரோவிலிருந்து மார்மராவுக்கு ஒன்றரை மணித்தியாலத்தில் போய், போட்டில் வரும் மற்றவர்களோடு சேரலாம். காலை 7 மணிக்கு வெளிக்கிட வேண்டும். தெற்கு நோக்கிய பாறை, மரநிழல் கிடையாது. ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர். கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்து.

தம்பலகாமம்:

சாப்பாட்டுக்குப் பயப்படத் தேவையில்லை தம்பி. கிரீட்காரர் மரக்கறியை ஒலிவ் எண்ணெயில் வேகவைத்துச் சமைப்பதை "லாதெரா" என்பார்கள். அந்தச் சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி சேர்ந்த பிரியாம். பச்சைப் பயிற்றங்காய் போட்ட ஃபசோலாகியா. பெரிய வெள்ளை அவரை விதையான கிகாண்டெஸ். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பை மசித்து எண்ணெயும் எலுமிச்சையும் விட்டது. தேங்காய்ப்பால் இல்லாத பருப்பு என்று சொல்லிக் கொடுத்தால் அம்மா சாப்பிடுவார். ஹோர்தா என்பது அவித்த கீரை. தக்காளிக்குள் சோறு அடைத்த கெமிஸ்டா எங்கும் கிடைக்கும், ஆனால் இரண்டு வகை. இறைச்சி சேராததை "ஓர்ஃபானா" என்று கேட்க வேண்டும். அநாதைகள் என்று அர்த்தம்.

ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. விரதச் சாப்பாட்டுக்கு "நிஸ்டீசிமா" என்று பெயர். இறைச்சி, முட்டை, பால் இல்லை என்றதும் சைவம் என்று எடுத்துவிடுவோம். அவர்கள் விரதத்தில் கணவாயும் இறாலும் சிப்பியும் சாப்பிடலாம். ஆகவே அந்தச் சொல்லை நம்பி ஓடர் கொடுக்க வேண்டாம். சூப்பில் இறைச்சி அவித்த தண்ணீர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

டாகோஸ் என்பது பார்லி ரஸ்க்கின் மேல் தக்காளியும் மிசித்ரா என்ற வெண்பாற்கட்டியும். ரஸ்க் கல் மாதிரி, தக்காளிச் சாறு ஊற 10 நிமிடம் விட்டுச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவின் பல்லுக்கு ஆபத்து. ஸ்ஃபகியாவின் பெயர் பெற்றது ஸ்ஃபகியானி பிதா, பாற்கட்டி உள்ளே வைத்துத் தட்டி, கல்லில் சுட்டு, தேன் விட்டுத் தரும் ரொட்டி. மகளுக்குப் பிடிக்கும். மாவில் ராக்கி என்ற சாராயம் கொஞ்சம் சேர்ப்பதுண்டு, வேண்டாதவர்கள் முதலே கேட்கலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வாசிக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் ஒன்று: சுவ்லாகி என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் வருவது பன்றி. "கொட்டோபுலோ" என்றால் கோழி.

சமையலறை உள்ள அறை நிறையக் கிடைக்கும், பாலியோஹோராவில் அதையே எடுங்கள். அரிசி, மரக்கறி அங்கேயே வாங்கலாம். இங்கிருந்து கொச்சிக்காய்த் தூள், சரக்குத் தூள், உலர்ந்த புளி போதும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் பயணப் பெட்டியில் கொண்டு போக அனுமதி இல்லை. பால்மாவும் நெய்யும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், பறித்துவிடுவார்கள். தேங்காய்க்குத் தடை இல்லை, ஆனால் அதைச் சுமந்து போக யார்! நம்ம குக்கரின் பிளக் அங்குள்ள உருண்டைத் துளைக்குப் பொருந்தாது, மாற்றி ஒன்று வாங்கி வையுங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு: பட்டியலில் மீன் விலை கிலோவுக்கு. நிறுத்துக் காட்டச் சொல்லி, விலை கேட்டபிறகு சமைக்கச் சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்தது.

கொட்டியாரம்:

பாலியோஹோராவைப் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை. அது கடலுக்குள் நீட்டிய நாக்கு போன்ற நிலத்தில் இருக்கும் ஊர். மேற்கே பாக்கியா அம்மோஸ், நீண்ட மணல் கரை. கிழக்கே ஹாலிகியா, கூழாங்கல் கரை. இரண்டுக்கும் நடுவே ஊரைக் குறுக்கே கடக்க சில நிமிடம்தான், தட்டை நிலம். ஒரு பக்கம் காற்றடித்தால் மறுபக்கம் போய்க் குளிக்கலாம். முழங்கால் நோ உள்ளவருக்கும் சிறு பிள்ளைக்கும் அந்தக் கரையில் இதைவிடத் தோதான ஊர் இல்லை என்பது என் எண்ணம். லூட்ரோ போல அமைதி இருக்காது, கார் ஓடும் ஊர்தான்.

எலஃபொனிசிக்கு அங்கிருந்து சீசனில் போட் போகும். முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து குறுந்தீவுக்குக் கடக்கலாம், நொறுங்கிய சிப்பித் துகளால் மணலில் இளஞ்சிவப்புக் கீற்று தெரியும். மணல் எடுக்கத் தடை, போத்தலில் அள்ளிவிடாதீர்கள். நடுப்பகலில் பஸ் பஸ்ஸாக ஆள் வந்து இறங்கும், அதனால் நீங்கள் தேடும் அமைதி அங்கே கிடையாது. கிழக்கே அரை மணி நேரம் பாறையில் நடந்தால் கெட்ரோதாசோஸ் என்ற காட்டு ஜூனிப்பர் மரக் கரை. கடையில்லை, குடையில்லை. அந்த மரங்களின் வேர்தான் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, கிளையில் ஊஞ்சல் கட்டுவதும் சுள்ளி முறிப்பதும் மணலையே அழிக்கிற வேலை. கூடாரம் அடிப்பதும் நெருப்பு மூட்டுவதும் கிரீஸில் எந்தக் கரையிலும் சட்டப்படி தடை.

பாலோஸ் வேண்டாம். காரில் போனால் 8 கிலோமீற்றர் மண் பாதை, வாடகைக் கார்க் காப்புறுதி பெரும்பாலும் மண் பாதையில் ஏற்படும் சேதத்துக்குச் செல்லாது. அதன் பிறகு கல்லில் இறங்கி, வெயிலில் அதே கல்லில் ஏற வேண்டும். கிசாமோஸ் துறையிலிருந்து போகும் போட் சுற்றுலாக் கூட்டத்தோடுதான் வந்து சேரும்.

ஒரு நாளைக்காவது கார் எடுக்கும் எண்ணம் இருந்தால்: அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். சர்வதேச ஓட்டுநர் பத்திரத்தை இங்கேயே, கொழும்பில் ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுத்துவிடுங்கள், நம்ம லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். ஓட்டோ கியர் கார் குறைவு, விலையும் கூட. மகளுக்குப் பூஸ்டர் இருக்கை கேளுங்கள். வடகரைப் பெரும்பாதையில் மெதுவாகப் போகிறவர் வலது ஓரக் கோட்டுக்கு ஒதுங்கி வழிவிடுவது வழக்கம். மலைப்பாதையில் வளைவு திரும்பினால் ஆடு நிற்கும்.

விசா ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்னதாக இருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். அந்தக் கடைசி எல்லையை நம்பாதீர்கள், கோடை என்றால் நேரம் பிடிக்கும். 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 45 யூரோ. காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், வெற்றுப் பக்கம் 2. மகளின் பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள்.

உப்புவெளிக்கரை:

கார் வேண்டாம் என்று முடிவு. பாலோசையும் வெட்டிவிட்டேன். இரண்டு சின்னக் கேள்வி. தண்ணீர் எவ்வளவு குளிரும்? ரப்பர் செருப்பு போதுமா?

சல்லித்தோணி:

செப்டெம்பர் கடைசியில 24, 25 பாகை. கோடை முழுக்கச் சூடேறின தண்ணி எண்டபடியால் அது வருசத்தில நல்ல காலம்தான், மே மாசம் போனா 20க்குக் கிட்ட இருக்கும். நம்ம கடல் 28, 29. அம்மாவுக்கு முதல் நாள் விறைக்கும், வெயில் ஏறின பிறகு பகல் 11 மணிக்கு மேல இறக்குங்க. மகளுக்கு முழுக்கைக் குளியல் சட்டை ஒண்டு, குளிருக்கும் வெயிலுக்கும் உதவும்.

ரப்பர் செருப்பு சரிவராது. கூழாங்கல்லில அலை அதைக் கழற்றிக்கொண்டு போகும், கால் பிசகும். குதிக்காலோட மூடி, அடியில தடிச்ச ரப்பர் உள்ள தண்ணிச் சப்பாத்து நாலு பேருக்கும் வேணும். கானியாவிலேயே வாங்கலாம். நடுப்பகலில கல்லு சுடுற சூட்டுக்கும் அது வேணும்.

கையில காசு கொண்டு போங்க. லூட்ரோவுக்குக் கப்பல் ஏற முந்தி ஹோரா ஸ்ஃபகியாவில இயந்திரத்தில எடுத்து வைங்க, போட்காரருக்குச் சில்லறைக் காசுதான் வசதி.

கடல்மைல்:

கடைசியாக ஒன்று. லூட்ரோவை விட்டு வெளிக்கிடும் நாளுக்கு முதல் நாள் பின்னேரமே துறையடி டிக்கட் கடையில் நாளைய கப்பல் ஓடுமா என்று கேளுங்கள், காற்று அறிவிப்பையும் பாருங்கள். வடக்கு, வடமேற்கு என்று இருந்தால் பயமில்லை. தெற்கு அல்லது தென்கிழக்கு என்று ப்யூஃபோர்ட் 6க்கு மேல் காட்டினால் அடுத்த நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைய கடைசிக் கப்பலில் ஹோரா ஸ்ஃபகியாவுக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து கானியாவுக்கு பஸ், கானியாவிலிருந்து பாலியோஹோராவுக்கு இன்னொரு பஸ், அது 2 மணித்தியாலம். கடல் மூடினாலும் பாதை திறந்திருக்கும். அந்த இரவு அறைக் காசு வீண் போகும் என்று தயங்க வேண்டாம்.